ஸ்டீம் கடை: காசு முழுசு, வீடு போக்கியம்

கணினி கேம்களை இணையத்தில் விற்கிற கடையான ஸ்டீமில் ஒரு கேமைக் கூடையில் போட்டுப் பணம் கட்டப் போகும்போது, பொடி எழுத்தில் ஒரு வரி கண்ணில் படும். டிஜிட்டல் பொருளை வாங்கினால் கிடைப்பது அதை ஸ்டீமில் பயன்படுத்தும் உரிமம் என்கிறது அந்த வரி. 2024 அக்டோபரில் வந்தது. ‘வாங்கு’ என்று எழுதி வைத்துவிட்டு உரிமத்தை மட்டும் கொடுக்கிற கடைகள் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் ஏபி 2426 என்ற சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அமல். அதற்கு முன்பும் நிலைமை இதேதான். கணக்குத் தொடங்கும்போது படிக்காமலே ‘சம்மதம்’ தட்டுகிறோமே, அந்த ஒப்பந்தத்தின் பெயரே சந்தாதாரர் ஒப்பந்தம்.

நம் ஊரில் போக்கியத்துக்கு வீடு பிடிக்கிற மாதிரி இது. மொத்தமாகக் காசு கொடுக்கிறோம், மாத வாடகை கிடையாது, குடியிருக்கிறவரை சொந்த வீடு மாதிரிதான் இருக்கும். பத்திரம் வேறொருவர் பெயரில். போக்கியத்திலாவது காலி செய்யும்போது காசு திரும்பி வரும். இங்கே அதுவும் இல்லை. அப்படியிருந்தும் பிசி கேம் விற்கிற கடைகளில் இன்றைக்கும் முதலிடம் ஸ்டீமுக்குத்தான். 2003 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் தன் சொந்த கேம்களுக்கு அப்டேட் அனுப்பத் தொடங்கிய மென்பொருள் இது. 2004ல் ஹாஃப்-லைஃப் 2 வாங்கியவர்கள் தலையில் கட்டாயமாகக் கட்டப்பட்டபோது திட்டாதவர் இல்லை. அதே மென்பொருள் இப்போது கடைகளுக்கெல்லாம் அளவுகோலாகிவிட்டது. ஏன், எங்கே வழுக்கும் என்பதைப் பார்ப்போம்.

முதல் பலம் ரீஃபண்ட். 2015 ஜூனில் வந்த வசதி. வாங்கி 14 நாளுக்குள் இருக்க வேண்டும், ஓட்டிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. மேலே ஹெல்ப் மெனுவில் ஸ்டீம் சப்போர்ட், அதில் பர்ச்சேஸஸ், பட்டியலில் அந்த கேம், பிறகு ரீஃபண்ட் வேண்டும் என்கிற தேர்வு. காரணம் கேட்பார்கள், ‘பிடிக்கவில்லை’ என்பதே போதுமான காரணம். பணம் ஸ்டீம் வாலட்டுக்கு வேண்டுமா, கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டுமா என்று திரை கேட்கும். சில பேமென்ட் முறைகளில் திருப்பி அனுப்ப வழி இருக்காது, அப்போது வாலட்டுக்கு மட்டும்தான் வரும். வாலட்டுக்குள் போன காசு வெளியே வராது என்பதால் அந்தத் திரையை அவசரத்தில் தட்டிவிடக் கூடாது. கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகு பணம் வந்துசேர ஒரு வாரம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுக்கி விழுவது அந்த இரண்டு மணி நேரக் கணக்கில். ஸ்டீம் எண்ணுவது நீங்கள் விளையாடிய நேரத்தை அல்ல, கேமின் நிரல் கணினியில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை. பாஸ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அதுவும் சேரும். கேமுக்கென்று தனி லாஞ்சர் (கேமைத் திறந்துவிடும் சிறு மென்பொருள்) இருந்து, அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தூங்கினால் ராத்திரி முழுக்கச் சேரும். ஷேடர் (ஒளி, நிழல், நிறத்தைத் திரையில் வரையும் குட்டி நிரல்) தொகுப்பு இன்னொரு பள்ளம். புதிய கேம்கள் பல, முதல் தடவை திறந்ததும் உங்கள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி ஷேடர்களைத் தொகுக்க உட்காரும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் பிசிக்கு வந்தபோது இந்த வேலை மட்டுமே பலருடைய கணினியில் அரை மணிக்கு மேல் இழுத்தது. கேமின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ரீஃபண்ட் நேரத்தில் கால்வாசி போய்விட்டது.

ஆகவே புது கேமை முதல் தடவை திறக்கும்போது அதை ஒரு சோதனை ஓட்டமாக வைத்துக்கொள்வது நல்லது. ஷேடர் முடிந்ததும் நேரே செட்டிங்ஸ். பெஞ்ச்மார்க் (கேமுக்குள்ளேயே இருக்கும் வேகச் சோதனை) இருந்தால் ஒரு முறை ஓட்டுங்கள். இல்லையென்றால் கதையின் ஆரம்பத்தை வேகமாகத் தாண்டி, திறந்த வெளியோ கூட்டமான தெருவோ வருகிற இடம்வரை போய்ப் பாருங்கள். திணறல் அங்கேதான் தெரியும். முதல் அறை எல்லா கேமிலும் வழுவழுவென்றுதான் ஓடும். ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை உருவாக்கி வளர்த்து ஆடும் வகை) என்றால் பாத்திரம் உருவாக்கும் திரையில் கிடைக்கிற முகத்தைத் தேர்ந்துவிட்டு நகருங்கள். மூக்கைச் செதுக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டவர்கள் பிறகு ‘கேம் ஓடவே இல்லை’ என்று முறையிட்டாலும் கடிகாரம் இறங்காது. இரண்டு மணி தாண்டினாலும் கோரிக்கை வைக்கலாம், பார்க்கிறோம் என்றுதான் விதியிலேயே போட்டிருக்கிறார்கள். அது அவர்கள் தயவு, உங்கள் உரிமை இல்லை.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. முழு விலைக்கு வாங்கிய அடுத்த நாளே தள்ளுபடி வந்துவிட்டால், ரீஃபண்ட் செய்து தள்ளுபடி விலையில் மறுபடி வாங்குவதை முறைகேடாகக் கருதமாட்டோம் என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. தயங்க வேண்டாம். முன்பதிவு செய்ததை வெளியாகும்வரை எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். 14 நாளும் 2 மணியும் வெளியான நாளிலிருந்துதான் தொடங்கும். ஆனால் கூடுதல் காசுக்கு மூன்று நாள் முன்னால் விளையாடலாம் என்று பெரிய பதிப்பு விற்கிறார்களே, அந்த முன்கூட்டிய நேரம் 2024 ஏப்ரலிலிருந்து இரண்டு மணிக் கணக்கில் சேர்கிறது. பல கேம் சேர்ந்த பண்டிலாக வாங்கினால் எல்லா கேமையும் கூட்டி இரண்டு மணி. வெளிக்கடையில் வாங்கிய கீயை, அதாவது கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீட்டைப் போட்டிருந்தால் ஸ்டீம் கைவிரித்துவிடும்.

இந்த விதி வாங்குகிறவருக்குத் தாராளம், சின்ன கேம் செய்கிறவருக்குக் கத்தி. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்ட வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் நோட்டு, அதில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. நிதானமாக விளையாடினாலும் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்டால் விதிப்படி கிடைக்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு இலையைத் திருப்பிக் கொடுக்கிற வேலைதான் அது; ஆனாலும் கடை அதைத் தடுப்பதில்லை. கேம் எவ்வளவு நேரம் நீளும் என்று டெவலப்பர் அறிவித்து, அதில் ஒரு பங்கை ரீஃபண்ட் எல்லையாக வைத்திருக்கலாம். பத்து வருடமாகியும் வால்வ் இதைத் தொடவில்லை.

வாங்குவதற்கு முன் கடைப் பக்கத்தில் எதைப் பார்ப்பது? டிரைலரையும் படங்களையும் விட்டுவிட்டு வலப்பக்க ஓரத்துக்குப் போங்கள். ஒற்றை ஆள் ஆட்டமா, கிளவுட் சேவ் (ஆட்ட நிலையை ஸ்டீமின் சர்வரில் சேமிப்பது) உண்டா, கன்ட்ரோலர் வேலை செய்யுமா என்ற பட்டியலுக்குக் கீழே தனிப்பெட்டிகள் இருக்கும். டெனுவோ போன்ற வேற்று டிஆர்எம் (நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு) இருந்தால் அங்கே எழுதியிருக்கும். வேறொரு நிறுவனத்தின் கணக்கும் வேண்டும் என்றால் அதுவும். கணினியின் கெர்னலில் (இயங்குதளத்தின் அடிமையம்) உட்காருகிற ஆன்டி-சீட் (ஆட்டத்தில் ஏமாற்றுபவரைப் பிடிக்கும் மென்பொருள்) இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் விதி. ஏஐ கொண்டு செய்த படமோ குரலோ இருந்தால் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அறிவிப்பு இருக்கும். ஏர்லி ஆக்சஸ் (செய்து முடிக்கும் முன்பே விற்கிற) கேம் ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் வாங்காமல் கிடந்தால் 2025 பிப்ரவரி முதல் ஸ்டீமே பக்கத்தில் எச்சரிக்கிறது. இந்த ஓரத்தைப் படிக்க அரை நிமிடம் போதும்.

ரிவ்யூ சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். 70க்கு மேல் ‘பெரும்பாலும் நல்லது’, 80க்கு மேல் ‘மிக நல்லது’, 95க்கு மேல் 500 ரிவ்யூவும் சேர்ந்தால் உச்சப் பட்டம். 40க்கும் 70க்கும் நடுவில் கலவை. இந்தக் கலவை வகையில்தான் நல்ல கேம்கள் நிறையக் கிடக்கும்: கேம் அருமையாக இருக்கும், பிசி பதிப்பைக் கெடுத்து வைத்திருப்பார்கள். சமீபத்திய 30 நாள் எண்ணை மொத்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சமீபத்தியது ஏறியிருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள். திடீரென்று சரிந்திருந்தால் வரைபடத்தில் சரிந்த நாளைத் தட்டி அன்றைய ரிவ்யூக்களைப் படியுங்கள். கேமில் கோளாறா, கேமுக்கு வெளியே சண்டையா என்று தெரிந்துவிடும்.

விலை விஷயத்துக்கு வருவோம். இந்தியாவில் ரூபாயில் விலை போட 2015ல் தொடங்கினார்கள், யுபிஐயிலேயே கட்டலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு டாலர் கணக்குத்தான். நாட்டுக்கு நாடு என்ன விலை வைக்கலாம் என்று வால்வ் ஒரு பரிந்துரை அட்டவணை கொடுக்கும், முடிவு பப்ளிஷருடையது. ஒற்றை ஆளாக உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி இந்தியாவில் நீண்ட காலம் 480 ரூபாய்க்கு விற்றது. அமெரிக்க விலை 15 டாலர். பெரிய நிறுவனங்கள் பல அந்த அட்டவணையை ஒதுக்கிவிட்டு 70 டாலரை அப்படியே ரூபாயாக்கிப் போடுகின்றன. திருட்டு நகல் ஏன் இன்னும் ஓடுகிறது என்று அவர்களே கருத்தரங்கில் கவலைப்பட்டுக்கொள்வதும் உண்டு. விபிஎன் போட்டு மலிவான நாட்டுக்குக் கணக்கை மாற்றும் யோசனை வேண்டாம். நாட்டை மாற்ற அந்த நாட்டின் பேமென்ட் முறை வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மாற்றலாம், பிடிபட்டால் கணக்குக்கே ஆபத்து. அர்ஜென்டினா பெசோவிலும் துருக்கி லிராவிலும் இப்படி நடந்த கூத்துக்குப் பிறகுதான் 2023 நவம்பரில் அந்த இரண்டு நாணயத்தையும் எடுத்துவிட்டு டாலராக்கினார்கள். அங்கே உண்மையிலேயே வசிக்கிற ஆட்களுக்கு ஒரே ராத்திரியில் விலை பல மடங்கு ஏறியது.

வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பெரிய சேல். நம் நேரப்படி கோடையில் ராத்திரி 10:30க்கும் குளிர்காலத்தில் 11:30க்கும் திறக்கும். முதல் ஒரு மணி நேரம் கடை திணறும், காலையில் வாங்கினால் போதும். முதல் நாள் என்ன தள்ளுபடியோ கடைசி நாளும் அதேதான். கடைசி நாள் இன்னும் இறங்கும் என்று காத்திருப்பது 2015க்கு முந்தைய பழக்கம். பெரிய சேல்களைத் தவிர்த்து, ஒரு தள்ளுபடிக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 30 நாள் இடைவெளி வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. விலை ஏற்றினால் அடுத்த 30 நாளுக்குத் தள்ளுபடி கொடுக்க முடியாது, அதனால் ஏற்றிவிட்டுக் குறைக்கிற ஆடித் தள்ளுபடி வேலை இங்கே செல்லாது. ஸ்டீம்டிபி தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் ரூபாய் விலை வரலாறு இருக்கிறது. இதுவரை போன அடிமட்ட விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டவுன்லோட் பற்றி வருகிற புகார்களில் பாதிக்கு ஸ்டீம் காரணம் இல்லை. ‘2 ஜிபி அப்டேட், ஒரு மணி நேரமாக ஓடுகிறது’ என்பார்கள். ஸ்டீம் ஒவ்வொரு கோப்பையும் ஏறக்குறைய 1 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் இறக்குகிறது. இறக்கிய துண்டைப் பழைய கோப்பில் நேரடியாகச் செருகாது. பழையதையும் புதியதையும் கலந்து கோப்பைப் புதிதாக எழுதி, பிறகு இடம் மாற்றும். டெவலப்பர் எல்லாவற்றையும் 40 ஜிபி ஒற்றைப் பொதியில் கட்டி வைத்திருந்தால், ஒரு சின்ன மாற்றத்துக்கும் 40 ஜிபியைப் படித்து 40 ஜிபியை எழுத வேண்டும். டவுன்லோட் பக்கத்தில் இரண்டு கோடு ஓடும், ஒன்று நெட், ஒன்று டிஸ்க். நெட் கோடு தரையில் படுத்திருக்க டிஸ்க் கோடு மட்டும் ஆடினால் கோளாறு உங்கள் பிராட்பேண்டில் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்கில் இது மணிக்கணக்கு; எஸ்எஸ்டியில் சில நிமிடம். டிஸ்கில் அந்தப் பெரிய பொதி அளவுக்குக் காலி இடம் இல்லாவிட்டால் ‘இடம் போதவில்லை’ என்று நின்றுவிடும். 2 ஜிபிக்கு 40 ஜிபி எதற்கு என்று குழம்பாதீர்கள், மேலே சொன்னதுதான் காரணம்.

கேம்கள் ஏன் இப்படி வீங்குகின்றன என்பதற்கு ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் நல்ல பாடம். பிசியில் 150 ஜிபியைத் தாண்டியிருந்தது. ஹார்ட் டிஸ்கில் படிக்கும் தலை அங்கும் இங்கும் ஓடாமல் இருக்க, ஒரே கோப்பைப் பல இடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அளந்து பார்த்தபோது லோடிங் நேரத்தைத் தீர்மானித்தது வரைபடம் உருவாகும் வேலைதான், டிஸ்க் அல்ல என்று தெரிந்தது. 2025 டிசம்பரில் நகல்களை நீக்கினார்கள். 23 ஜிபி சொச்சத்துக்கு வந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வருடம் எல்லோரும் 130 ஜிபி காற்றைச் சுமந்திருக்கிறோம்.

வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஒரே கேமை இரண்டு முறை இறக்க வேண்டாம். செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியில் உள்வலை வழியாகக் கோப்பு மாற்றும் வசதியை இரண்டிலும் திறந்து விடுங்கள். ஒன்றில் இருந்தால் இன்னொன்று அங்கிருந்தே இழுத்துக்கொள்ளும். வைஃபையில் தடுமாறும், லேன் கேபிள் போட்டால் பறக்கும். விண்டோஸை அழித்துப் போடுவதாக இருந்தால் கேம்கள் சி டிரைவில் இல்லாமல் வேறு டிரைவில் இருக்கட்டும். புது விண்டோஸில் ஸ்டீமை நிறுவி, செட்டிங்ஸ், ஸ்டோரேஜில் அந்த டிரைவைச் சேர்த்தால் எல்லாம் தானாக வந்துவிடும். வரவில்லையென்றால் ஏசிஎஃப் என்று முடிகிற குறிப்புக் கோப்பு தொலைந்திருக்கும். பயப்படாமல் இன்ஸ்டால் அழுத்தி அதே டிரைவைக் காட்டுங்கள், இருக்கிற கோப்புகளைச் சரிபார்த்துவிட்டுக் குறைவதை மட்டும் இறக்கும். அப்டேட் நடுவில் கரண்ட் போய் கேம் திறக்காமல் அடம் பிடித்தால், கேம்மீது வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸில் கோப்புகளைச் சரிபார்க்கும் பட்டன். அழித்து மறுபடி இறக்குவது கடைசி வழியாக இருக்கட்டும்.

‘கிளவுட் சேவ்’ என்பதை பேக்கப் என்று நினைப்பது இன்னொரு தவறு. அது கண்ணாடி மாதிரி: இங்கே சேவ் கெட்டால் அங்கேயும் கெட்டதே ஏறும். கேமை மூடியதும் சிங்க் (சேவ் கோப்பு சர்வருக்கு ஏறுவது) முடிகிறவரை பொறுத்துவிட்டுக் கணினியை அணையுங்கள். இரண்டு சேவ் மோதுகிறது, எது வேண்டும் என்று ஸ்டீம் கேட்டால் தேதியையும் நேரத்தையும் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். தவறாகத் தட்டினால் நாற்பது மணி நேர ஆட்டம் போய்விடும். நீண்ட கேம் என்றால் சேவ் ஃபோல்டரை வாரம் ஒரு முறை பென் டிரைவுக்கு நகல் எடுப்பது உத்தமம்.

கணினியில் நிறுவுகிற ஸ்டீம் மென்பொருளே கனமாகிவிட்டது. உள்ளே ஓடுவது ஒரு பிரவுசர், 8 ஜிபி ராம் லேப்டாப்பில் அது தெரியும். வியூ மெனுவில் சின்ன முகப்பைத் தேர்ந்து, லைப்ரரி செட்டிங்ஸில் குறைந்த செயல்திறன் முறையைப் போட்டால் மூச்சு விடும். முகப்புக்குத் தமிழ் கிடையாது.

குடும்பப் பகிர்வை 2024ல் புதிதாகச் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். ஆறு பேர் வரை, ஆளுக்கொரு கேமை ஒரே நேரத்தில் ஆடலாம். ஒரே கேமை இரண்டு பேர் ஆட இரண்டு பிரதி வேண்டும். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு என்பது விதி. யாராவது விலகினால் அந்த இடம் ஒரு வருடம் காலியாகக் கிடக்கும், ஆகவே நண்பனைச் சேர்த்துப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். முக்கியமாக, உங்கள் பிரதியில் தம்பி ஏமாற்று நிரல் போட்டு மாட்டினால் தடை உங்களுக்கும் சேர்த்து விழும்.

இந்தக் கடையின் அசிங்கமான மூலை, வால்வின் சொந்தத் துப்பாக்கிச் சண்டை கேமான கவுன்டர்-ஸ்டிரைக்கில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் சாவி வாங்கித் திறக்கிற பெட்டிகள். சாவி ஒன்று இரண்டரை டாலர். உள்ளே கத்தி (கேமுக்குள் மட்டும் காட்டிக்கொள்கிற அரிய அலங்காரப் பொருள்) விழும் வாய்ப்பு, சீனாவில் வெளியிட்டே ஆக வேண்டியிருந்த கணக்குப்படி, 0.26 சதவீதம். விழுந்த பொருளைச் சந்தையில் விற்றால் 15 சதவீதம் கமிஷன், மிச்சம் வாலட்டுக்குள் பூட்டு. 2025 அக்டோபரில் ஒரே அப்டேட்டில் சிவப்பு ரகப் பொருள் ஐந்தைக் கொடுத்துக் கத்தியாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். கத்திகளை முதலீடாகச் சேர்த்து வைத்தவர்களுக்கு மறுநாள் விடிந்தபோது பாதி மதிப்பு இல்லை. சூதாட்டம்தான் இது. ரீஃபண்டில் இவ்வளவு நியாயமாக நடக்கிற நிறுவனம் இதைப் பத்து வருடத்துக்கு மேலாக நடத்துகிறது என்பதையும் சேர்த்தே மதிப்பெண் போட வேண்டும்.

விற்பனையில் ஸ்டீம் எடுக்கும் பங்கு 30 சதவீதம். ஒரு கோடி டாலர் விற்றால் 25, ஐந்து கோடி தாண்டினால் 20. சலுகை பெரியவனுக்கு, சின்னவனுக்கு முழு வெட்டு. போட்டி நிறுவனமான எபிக் 2018 டிசம்பரில் 12 சதவீதத்தில் கடை திறந்தது, வியாழக்கிழமைதோறும் இலவச கேம் கொடுக்கிறது. இருந்தும் ஆட்கள் நகரவில்லை. அந்தக் கடையில் விலை குறையவில்லை என்பதுதான் விஷயம். மிச்சமான 18 சதவீதம் வாங்குகிறவர் பக்கம் வரவே இல்லை.

இனி போக்கியத்துக்கு வருவோம். கடையிலிருந்து எடுப்பது வேறு, கேமை அணைப்பது வேறு. பாட்டு உரிமம் காலாவதியாகி ஆலன் வேக் 2017ல் கடையிலிருந்து போனது, மறுவருடம் திரும்பியது. முன்பே வாங்கியவர்கள் இடையிலும் இறக்கி ஆடினார்கள். பயப்பட வேண்டியது இரண்டாவதுக்கு. யூபிசாஃப்ட் 2014ல் விற்ற தி க்ரூ, தனியாக ஓட்டினாலும் சர்வர் கேட்கும் கேம். 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தினார்கள், கேம் செத்தது. ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் இதிலிருந்துதான் கிளம்பியது. ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சோனியின் கான்கார்ட் என்ற கேம் 2024 ஆகஸ்ட் 23ல் வந்து செப்டம்பர் 6ல் மூடியது, அதற்காவது எல்லோருக்கும் காசு திரும்பியது. அதே ஆண்டு மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2க்கு பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவையே இல்லாத நாடுகளிலும் கேமை விற்றிருந்தார்கள், இலங்கையும் அதில் ஒன்று. எதிர்ப்பில் முடிவை மாற்றினார்கள். அந்த நாடுகளில் கேமை விற்பனையிலிருந்து தூக்கிவிட்டும் இருந்தார்கள்.

ஆக, எதை எங்கே வாங்குவது? ஆன்லைனில் பலரோடு ஆடுவது, மாதாமாதம் மாறுவது எல்லாம் ஸ்டீமில் இருக்கட்டும். அவை எங்கே வாங்கினாலும் சர்வர் உயிரோடு இருக்கிறவரைதான். பத்து வருடம் கழித்தும் திறந்து பார்க்க ஆசைப்படுகிற ஒற்றை ஆள் கேம்களை ஜிஓஜி என்ற இன்னொரு இணையக் கடையில் தேடுங்கள். டிஆர்எம் கிடையாது, ரீஃபண்டுக்கு 30 நாள், ஆட்ட நேர வரம்பும் இல்லை. கணக்கில் போய் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை இறக்கினால் ஒரு இஎக்ஸ்இ கோப்பும், கேம் பெரிதாக இருந்தால் 4 ஜிபி அளவில் ‘.bin’ கோப்புகளும் வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் நிறுவும்போது பாதியில் நிற்கும். வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தால் அது உங்கள் பிரதி. ஜிஓஜியே போனாலும் ஓடும்.

ஸ்டீமில் வாங்கியவற்றிலும் சில அப்படி ஓடும். ஸ்டீமை முழுக்க மூடிவிட்டு, நெட்டையும் துண்டித்துவிட்டு, கேம் ஃபோல்டருக்குள் போய் இஎக்ஸ்இ கோப்பை இரட்டைக் கிளிக் செய்து பாருங்கள். ஸ்டீமைத் திறக்காமல் கேம் திறந்தால் அந்த ஃபோல்டரை நகல் எடுத்து வைக்கலாம். திறக்காத கேம்களுக்கு ஆஃப்லைன் முறை உண்டு: நெட் இருக்கும்போதே அப்டேட் முடித்து, ஒரு முறை ஓட்டி மூடி, பிறகு ஸ்டீம் மெனுவில் ஆஃப்லைனுக்குப் போக வேண்டும். நெட் போன பிறகு இதைச் செய்யலாம் என்று விட்டுவைத்தால் சிக்கல்தான். டெனுவோ உள்ள கேமை ஒரே நாளில் ஐந்து வேறு கணினியில் திறந்தால் 24 மணி நேரம் பூட்டிக்கொள்ளும். லினக்ஸில் புரோட்டான் (விண்டோஸ் கேம்களை அங்கே ஓட்டும் மென்பொருள்) பதிப்பை மாற்றி மாற்றிச் சோதிப்பதும் அதன் கண்ணுக்கு ஐந்து கணினிதான்.

இவ்வளவும் ஒரே கணக்கில் தொங்குகிறது என்பதால் ஸ்டீம் கார்ட் (Steam Guard) என்ற இரட்டைப் பூட்டை மொபைலில் போட்டுவிடுங்கள். அப்போது ஆர் எழுத்தில் தொடங்கும் மீட்புக் குறியீடு ஒன்று காட்டும். அதைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் வையுங்கள். போன் தொலைந்தால் கணக்குக்குள் நுழைய அதுதான் குறுக்கு வழி. ‘தெரியாமல் உங்கள்மேல் புகார் கொடுத்துவிட்டேன், இந்த ஸ்டீம் அதிகாரியிடம் பேசுங்கள்’ என்று யாராவது வந்தால் பதில்கூடப் போடாதீர்கள், ஸ்டீம் ஊழியர் எவரும் சாட்டில் வரமாட்டார். கணக்கை உயில் எழுதி மகளுக்குக் கொடுக்கவும் முடியாது, ஒப்பந்தப்படி அது கைமாறாது. குடும்பப் பகிர்வில் இப்போதே சேர்த்துவிட்டால், கணக்கு இருக்கிறவரை அவளும் ஆடிக்கொள்ளலாம்.